காற்று அடங்கிய நேரம் பார்த்து: திருகோணமலையில் ஒலிப்பதிவு தொடங்குவோருக்கு

சுற்றுப்புறச் சத்தங்களைப் பதிவு செய்யப்போகிறேன் என்று வருபவர்கள் முதலில் கேட்பது, "எந்த ரெக்கோடர் வாங்கலாம்?" என்றுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். திருகோணமலையில் ஒரு பதிவு நன்றாக அமைவதும் கெட்டுப்போவதும் பெரும்பாலும் இரண்டு விஷயங்களில் இருக்கிறது. எந்த நேரத்தில் போனீர்கள், எந்த இடத்தில் நின்றீர்கள். கருவிக்கு மூன்றாம் இடம்தான். கையில் உள்ள போனை வைத்துக்கொண்டு விடியற்காலையில் சரியான மூலையில் நிற்பவர், விலை கூடிய மைக்கோடு பின்னேரம் நாலு மணிக்கு உப்புவெளிக் கரையில் நிற்பவரை விட நல்ல பதிவோடு வீடு திரும்புவார்.

இங்கே பேசப்போவது பாட்டையோ பேட்டியையோ பதிவு செய்வது பற்றி அல்ல. சந்தை, பஸ் நிலையம், அடுப்படி, கடற்கரை, கூரையில் விழும் மழை என்று நாளாந்தம் காதில் விழுந்தும் யாரும் பொருட்படுத்தாத சத்தங்கள். அதையெல்லாம் எதற்குப் பதிவு செய்ய வேண்டும் என்பவர்களுக்கு ஒரு உதாரணம் போதும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை அந்த இடத்தை, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவையான 'பாதை'யில்தான் கடந்தோம். வாகனம் ஏறும்போது பலகை இடிபடுவது, கரையில் நிற்பவர்கள் கூப்பிடுவது, தண்ணீர் அடியில் அடிப்பது எல்லாம் சேர்ந்த ஒரு சத்தம் அதற்கு இருந்தது. பாலத்தால் எல்லோருக்கும் நன்மைதான், அதில் பேச்சில்லை. ஆனால் பாதை போனபோது அந்தச் சத்தமும் அங்கிருந்து போய்விட்டது. படம் எடுத்து வைத்தவர்கள் இருப்பார்கள். சத்தத்தை எடுத்து வைக்க வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்?

முதல் வாரம் கொப்பியும் பேனையும் மட்டும்

முதல் வாரம் எதையும் பதிவு செய்ய வேண்டாம். வீட்டு விறாந்தையில் பத்து நிமிடம் உட்கார்ந்து, காதில் விழும் ஒவ்வொரு சத்தத்தையும் எழுதுங்கள். பக்கத்தில் கேட்பது, ஒழுங்கை அளவில் கேட்பது, தூரத்தில் கேட்பது என்று மூன்று பத்தியாகப் பிரித்து எழுதினால் நல்லது. முதல் நாள் ஏழெட்டு எழுதியதும் பேனை நின்றுவிடும். இரண்டு மூன்று நாளில் பட்டியல் தானாக நீளும். சத்தம் கூடியிருக்காது, காதுதான் பழகியிருக்கும்.

விடியற்காலை நகருக்குள் இருந்து பார்த்தால் தூரத்துப் பத்தி சீக்கிரம் நிரம்பும். பள்ளிவாசல் பாங்கு, கோயில் மணி, விகாரையின் பிரித், தேவாலய மணி எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வரும் ஊர் இது. எது எந்தத் திசையில் இருந்து வருகிறது, எது காற்றில் வந்து வந்து போகிறது, எது ஒலிபெருக்கி, எது உண்மையான மணி என்று பிரித்துப் பாருங்கள். ஒழுங்கை அளவில் தண்ணீர் மோட்டரும் காகங்களும் இருக்கும். பாண் கொண்டுவரும் ஆட்டோவின் பீத்தோவன் மெட்டும் அங்கேதான் வரும். அது தூரத்தில் சற்று உயர்ந்த சுருதியில் வந்து, வாசலைத் தாண்டியதும் ஒரு படி இறங்குவதைக் கவனியுங்கள். பள்ளிக்கூடத்தில் டொப்ளர் விளைவு என்று படித்தது அதுதான்.

பக்கத்துச் சத்தத்துக்கு அடுப்படியை விட நல்ல இடம் இல்லை. திருவலையை எடுத்துக்கொள்ளுங்கள். பாதித் தேங்காயை வைத்துத் திருவத் தொடங்கியதும் முதல் சில இழுப்பு ஈரமாக, தடிப்பாகக் கேட்கும். சொட்டு மெலிந்து பல்லு சிரட்டையை நெருங்க நெருங்கச் சத்தம் கூர்மையாகும். ஒரு தரம் சிரட்டையில் பல்லு பட்டுக் கிறீச்சிட்டதும் கை நிற்கும், காய் கொஞ்சம் திரும்பும், திரும்பவும் ஈரச் சத்தம். கண்ணை மூடிக்கொண்டே காய் எவ்வளவு மிச்சம் என்று சொல்லிவிடலாம். திருவுகிறவருக்கு இது எப்போதோ தெரியும். பார்க்காமலே அவர் காயைத் திருப்புவது அந்தச் சத்தத்தை வைத்துத்தான்.

கனடாவில் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் 1970ஐ ஒட்டி ஆர். மரே ஷேஃபர் என்ற இசையமைப்பாளர் தொடங்கிய ஆய்வுக் குழு, ஓர் இடத்தின் சத்தங்களை மூன்றாகப் பார்த்தது. கவனிக்காமலே அடியில் ஓடிக்கொண்டிருப்பது ஒன்று. மணி, ஹோர்ன் போல் கவனத்தை இழுப்பது இன்னொன்று. அந்த ஊருக்கே அடையாளமானது மூன்றாவது. உங்கள் கொப்பியில் ஒவ்வொரு சத்தத்துக்கும் பக்கத்தில் 1, 2, 3 என்று போட்டுப் பாருங்கள். திருகோணமலையில் அடியில் ஓடுவது கடல்தானே என்று அவசரப்பட்டு எழுதிவிடுவோம். உட்துறைமுகப் பக்கம் குடியிருப்பவர்களின் கொப்பியில் அலையே இருக்காது. நகரின் பல வீடுகளில் உண்மையில் அடியில் ஓடுவது மேலே சுற்றும் ஃபேன்தான். கரண்ட் போகும்போதுதான் அது தெரியும்.

அடுத்தது, கேட்பதற்காகவே ஒரு நடை. அந்தக் கனடாக் குழுவில் இருந்த ஹில்டெகார்ட் வெஸ்டர்காம்ப் இதை ஒரு பயிற்சியாகவே வளர்த்தவர். விதி ஒன்றுதான். நடந்து முடியும் வரை பேசக்கூடாது. நம் ஊரில் ஒரு நல்ல வழி: பஸ் நிலையத்தில் தொடங்கி, பத்திரகாளி அம்மன் கோயிலைத் தாண்டி, டச்சு விரிகுடாக் கரையில் முடிப்பது. பஸ் நிலையத்தில் "மட்டக்களப்பு மட்டக்களப்பு" என்று கூப்பிடும் கண்டக்டர்மாரின் குரலில் ஒரு தாளம் இருக்கும், ஆளுக்கு ஆள் அது வேறுபடும். அங்கிருந்து நடக்கையில், கடல் முதன்முதலில் காதில் விழும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் ஓரிடமாக இருக்கும், வாகனமும் காற்றும் கூடிய பின்னேரத்தில் வேறிடமாக இருக்கும். றப்பர் செருப்பு போட்டுப் போகாதீர்கள். அது அடிக்கும் சத்தமே எல்லாவற்றையும் மூடிவிடும்.

கருவி

சரி, இப்போது கருவிக்கு வரலாம். போன் போதும், ஆனால் அதில் உள்ளபடியே பதிவு செய்தால் போதாது. பெரும்பாலான போன்கள் மனிதக் குரலுக்காகச் செய்யப்பட்டவை. சத்தம் குறைந்தால் தானாக ஏற்றும், கூடினால் தானாக இறக்கும், பின்னணி இரைச்சல் என்று நினைப்பதை அழித்தும் விடும். நமக்கு வேண்டியதே அந்தப் பின்னணிதான். ஆகவே தானியங்கி அளவையும் இரைச்சல் நீக்கத்தையும் நிறுத்தக்கூடிய, சுருக்காத வேவ் கோப்பாகச் சேமிக்கும் பதிவுச் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். ஐபோன் என்றால் அதில் உள்ள வொயிஸ் மெமோஸ் செயலியின் தரத்தைச் சுருக்கமில்லாததாக மாற்றலாம். எம்பி3யில் பதிவு செய்தால் பேச்சு தப்பிக்கும், அலையும் மழையும் தப்பிக்காது. எல்லா அலைவரிசையும் ஒன்றாக வரும் சத்தங்கள் அவை. சுருக்கும்போது குழகுழவென்று ஆகிவிடும்.

தனி ரெக்கோடர் வாங்குவதாக இருந்தால் ஸூம், டஸ்காம் போன்றவற்றின் கையடக்க வகைகளில் விலை குறைந்த ஒன்றே தொடங்கப் போதும். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கில் ஒரு நிமிடம் 17 மெகாபைட் அளவில் வரும், ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 1 கிகாபைட். 32 கிகாபைட் கார்ட் ஒன்று பல நாளுக்குத் தாங்கும். புதிதாக வரும் சில கருவிகளில் 32 பிட் ஃப்ளோட் என்ற வசதி இருக்கிறது. அதில் அளவு பற்றிய கவலை இல்லை, பிறகு சரிசெய்யலாம். மற்றக் கருவிகளில், மிகக் கூடிய சத்தம் வரும்போது சத்த அளவைக் காட்டும் மீற்றர் மைனஸ் 12 டெசிபெல்லைச் சுற்றி நிற்கும்படி முன்கூட்டியே வையுங்கள். கோயிலில் திடீரென்று காண்டாமணி அடித்தாலும் சத்தம் உடையாது.

விலை குறைந்த கருவிகளுக்கு ஒரு குணம் உண்டு. அமைதியான இடத்தில் அவற்றின் சொந்த இரைச்சல் 'ஸ்ஸ்' என்று மேலே வந்துவிடும். அதனால் காட்டுக்குள் போய் இலை விழும் சத்தத்தை எடுக்கலாம் என்று தொடங்கினால் மனம்தான் சலிக்கும். மீன் சந்தை, கொத்து ரொட்டிக் கடை, பஸ் நிலையம் என்று பலத்த சத்தங்களில் தொடங்குங்கள். இருப்பதை வைத்தே நல்ல பதிவு கிடைக்கும்.

காதை மூடும் வகை ஹெட்போன் ஒன்று அவசியம். மைக் கேட்பதை நீங்களும் கேட்க வேண்டும். காது தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுக்கும், மைக்குக்கு அந்த அறிவு கிடையாது. நண்பரின் கதையில் மூழ்கியிருக்கும்போது உங்களுக்குக் கேட்காத குளிர்பெட்டி மோட்டர், பதிவில் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும். ஹெட்போனைப் போட்டவுடனே அது தெரிந்துவிடும், இரண்டு எட்டு தள்ளி நின்றால் போய்விடும்.

காற்று

திருகோணமலையில் இந்த வேலையின் பாதி காற்றோடுதான். காற்று மைக்கின் திரையில் நேராக மோதும்போது வரும் 'புடுபுடு' ஓசையை எந்த மென்பொருளாலும் முழுதாக எடுக்க முடியாது. ஆகவே ஆண்டை இரண்டாகப் பிரித்து யோசியுங்கள்.

மே தொடங்கி ஆகஸ்ட், செப்டெம்பர் வரை கச்சான் காற்று. தரையில் இருந்து கடலை நோக்கி வரண்ட காற்றாக அடிக்கும். கரையோரக் கடல் அடங்கிக் கிடக்கும், சுற்றுலாப் பயணிகளும் வருவார்கள், பார்க்க எல்லாம் பதிவுக்கு வாய்ப்பாகத் தெரியும். ஆனால் பகல் ஏற ஏறப் பனையோலையும் தகரக் கூரையும் ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வாடைக் காற்றும் மாரி மழையும். அப்போது கடல் எழும்பும். நிலாவெளியில் அலை கரையை அறையும் சத்தம் வீட்டுக்குள் வரை கேட்கும், மழைக்கும் மழைக்கும் இடையில் அருமையான இடைவெளிகள் கிடைக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள மார்ச், ஏப்ரல் மாதங்கள் புதிதாகத் தொடங்குவோருக்கு இலகு.

எந்த மாதமானாலும் விடியற்காலைதான் நல்ல நேரம். நாலரைக்கும் ஆறரைக்கும் இடையில் பெரும்பாலும் காற்று விழுந்திருக்கும், தெருவிலும் வாகனம் குறைவு. இன்னொரு நன்மையும் உண்டு. இரவில் தரை குளிர்ந்து, அதன் மேல் குளிர்ந்த காற்றுப் படை தங்கியிருக்கும்போது, மேலே போக வேண்டிய சத்தம் கீழ்நோக்கி வளைந்து வரும். அதனால்தான் பகலில் கேட்காத புகையிரத ஹோர்னும் அக்கரைப் பாங்கும் அந்த நேரம் பக்கத்தில் கேட்பது போல் இருக்கும்.

மைக்குக்குப் போடும் மஞ்சள், கறுப்புப் பஞ்சுறை வாயால் ஊதும் அளவு காற்றுக்குத்தான் தாங்கும். கடற்கரைக்கு நீண்ட மயிர் உள்ள உறை வேண்டும். கடையில் கிடைக்காவிட்டால், பிள்ளைகள் கைவிட்ட பொம்மைக் கரடியின் தோலை வெட்டி, பஞ்சுறைக்கு மேல் தளர்வாக ஒரு பை தைத்துப் போடுங்கள். துணியின் பின்பக்கம் ஊதினால் காற்று ஊடே போக வேண்டும், அதுதான் சோதனை. இறப்பர் பூசிய துணி என்றால் சத்தத்தையும் அடைத்துவிடும். அதோடு, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று உடம்பாலேயே மறையுங்கள். மதிலோ, கரையில் ஏற்றி வைத்த வள்ளமோ இருந்தால் அதன் மறைவில் தாழ உட்காருங்கள். தரையை நெருங்க நெருங்கக் காற்றின் வேகம் குறையும். ரெக்கோடரில் அடிச் சத்தத்தை வெட்டும் 'லோ கட்' இருந்தால் 80 ஹேர்ட்ஸில் வையுங்கள். ஆனால் இடி முழக்கமோ பெரிய அலையோ எடுக்கும் நாளில் அதை நிறுத்திவிடுங்கள். அந்தச் சத்தங்களின் உயிர் அடியில்தான் இருக்கிறது.

எங்கே நிற்பது

திறந்த வெளியில் சத்தம் வரும் இடத்துக்கான தூரத்தை இரட்டிப்பாக்கினால் சத்தம் 6 டெசிபெல் குறையும். இரண்டு மீற்றரில் நிற்பதும் நாலு மீற்றரில் நிற்பதும் ஒரே பதிவு அல்ல என்பது இந்த ஒரு எண்ணிலேயே தெரியும். கொத்துக் கடையில் தகட்டுக்கு ஒரு மீற்றரில் நின்றால் கத்தி இரண்டும் காதைக் கிழிக்கும், வேறொன்றும் இராது. தெருவின் எதிர்ப்பக்கம் நின்றால் அதே அடி, ஓர்டர் சொல்லும் குரல், ஆட்டோ, தூரத்தில் ஒரு ஹோர்ன் என்று கடையும் தெருவும் சேர்ந்து வரும். இரண்டும் வேண்டியவைதான். எது வேண்டும் என்று போகும் முன்பே முடிவு செய்யுங்கள்.

இடத்தைப் பற்றிப் படிக்கக் கரைவலையை விட நல்ல பாடசாலை இல்லை. காலை வேளையில் வள்ளம் வலையைக் கடலில் அரைவட்டமாகப் போட்டுவிட்டு வந்ததும், இரண்டு அணி ஆட்கள் கரையில் தள்ளித் தள்ளி நின்று இரண்டு கயிற்றையும் இழுக்கத் தொடங்குவார்கள். இழுத்துக்கொண்டே இரண்டு அணியும் மெல்ல ஒன்றை நோக்கி ஒன்று நகரும். ஆகவே ஓர் அணியோடு ஒட்டிக்கொண்டு நின்றால் பாதிக் கதைதான் கிடைக்கும். நடுவில், ஈர மணலுக்குச் சற்று மேலே கருவியைத் தரையோடு வைத்துவிட்டு நீங்கள் தள்ளிப் போய்விடுங்கள். முதலில் இடக்காதில் தூரத்தில் ஓர் 'ஏலேலோ', வலக்காதில் பதில் இல்லாத இன்னொன்று. இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்து நடுவுக்கு வரும். மீன் சேரும் வலைப் பையான மடி கரையை நெருங்கும்போது பாட்டு நின்று கட்டளைக் குரல்களாக மாறும். வலை மணலில் உரசும், காகங்கள் கூடும், பிறகு மீன் துள்ளி மணலில் அடிக்கும் சத்தம். இது முடிய ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். நடுவில் நிறுத்த வேண்டாம். கார்ட்டில் இடமிருக்கிறது.

இப்போது சில கரைகளில் டிராக்டரில் பூட்டிய, கயிறு சுற்றும் வின்ச்சால் இழுக்கிறார்கள். அங்கே வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு இல்லை. பலர் அதனால் அந்தக் கரையைத் தவிர்த்துவிடுவார்கள். தவிர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. வின்ச்சின் உறுமலும் அதற்கு மேலால் ஆட்கள் கத்திப் பேசுவதும்தான் இன்றைய கரைவலை. பாட்டு மட்டும் வேண்டும் என்று யாரையாவது பாடச் சொல்லிப் பதிவு செய்தால் அது நாடகம்.

கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்குப் போகும் ஏற்றத்தில் மான்கள் சருகில் நடக்கும் சத்தம், தூரத்து மணி, ஆட்களின் மூச்சு என்று நல்ல அடுக்குகள் இருக்கின்றன. மேலே இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவின் பக்கம் காற்று எந்த உறையையும் வெல்லும். அங்கே கேட்டுவிட்டு வருவதே புத்தி. கீழே அலை பாறையில் மோதுவதைக் கண்ணால் பாருங்கள், சத்தம் ஒரு கணம் பிந்தித்தான் வரும். ஒலி நொடிக்கு 340 மீற்றர் அளவுதான் போகிறது. உயரத்தைக் காதாலேயே அளப்பதற்கு இது ஒரு வாய்ப்பு.

கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் வாளி விழும் சத்தம் ஒன்றுபோல் இராது. தண்ணீர் மட்டமும் வாளியும் மாற மாறச் சத்தமும் மாறும். ஆனால் இறந்தவருக்கான அந்தியேட்டிக் கிரியைக்கு வந்த குடும்பம் அங்கே இருந்தால் கருவியை வெளியில் எடுக்காதீர்கள். இன்னொரு நாள் போகலாம். மாரி தொடங்கிய முதல் இரவுகளில் தம்பலகாமம் வயல்வெளிப் பக்கம் போனால் தவளைகள் இருக்கும். அங்கே பெரிதாக நுட்பம் ஒன்றும் தேவையில்லை, நுளம்புக்கு ஏதாவது பூசிக்கொண்டு போனால் சரி. அறைந்து கொன்றால் அதுவும் பதிவாகும்.

தண்ணீருக்கு அடியிலும் ஓர் உலகம் இருக்கிறது. மட்டக்களப்பு வாவியில் பாடும் மீனைக் கேட்பவர்கள் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைப்பார்கள். அதே வித்தையை உட்துறைமுகப் பக்கம் வள்ளத்தில் இருந்தும் செய்யலாம். எண்ணெயில் கடுகு பொரிவது போல் விடாமல் ஒரு படபடப்புக் கேட்டால், அது கொடுக்கைச் சொடுக்கும் ஒருவகைச் சிறு இறால்களின் வேலை. எலக்ரோனிக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும், அதிர்வை மின்சாரமாக மாற்றும் பியேசோ தட்டு ஒன்றை வள்ளத்தின் உட்பக்கம் ஒட்டி, கம்பியை ரெக்கோடரில் செருகினாலும் ஓரளவு வரும். அடிச் சத்தம் மெலிந்து கேட்கும், ஆனாலும் தொடங்குவதற்குக் குறைவில்லை. வெளிக்கடலில் 1980களில் வெளிநாட்டு ஆய்வாளர்கள் நீலத் திமிங்கிலங்களின் குரலைப் பதிவு செய்தார்கள். அதற்கு வேறு கருவியும் வேறு பணமும் வேண்டும்.

பதிவை ஓட்டும்போது

பொத்தானை அழுத்தியதும் நாள், நேரம், இடம், காற்று எப்படி என்று உங்கள் குரலில் சொல்லுங்கள். பிறகு பத்து நொடி சும்மா இருங்கள், வெட்டுவதற்கு உதவும். குறைந்தது ஐந்து நிமிடம் ஓடட்டும். முதல் ஒன்றிரண்டு நிமிடத்தில் காகங்களும் ஆட்களும் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அதற்குப் பிறகுதான் இடம் பழைய நிலைக்கு வரும். கருவியைக் கையில் வைத்திருந்தால் விரல் அசைவதெல்லாம் பதிவாகும். சிறு முக்காலியோ, மடித்த சாரமோ போதும். நைலோன் மழைக்கோட்டு, கையில் குலுங்கும் வளையல், சட்டைப்பையில் சில்லறை எல்லாம் வீட்டில் இருக்கட்டும். போனில் பதிவு செய்பவர்கள் ஃபிளைட் மோடில் போட மறக்கக்கூடாது. கடைசி நிமிடத்தில் அழைப்பு வந்து பதிவு அறுந்தால் வரும் ஆத்திரம் சொல்லி முடியாது.

யாரிடம் கேட்க வேண்டும், எங்கே எடுக்கக்கூடாது

இந்த ஊரில் இது சின்ன விஷயம் அல்ல. கடற்படைத் தளம், சீனன்குடா விமானப்படைப் பகுதி, கோட்டைக்குள் இராணுவம் இருக்கும் கட்டடங்கள், சோதனைச் சாவடிகள் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் கருவியை எடுக்கவே வேண்டாம். மயிருறை போட்ட மைக் தூரத்தில் இருந்து பார்ப்பவருக்கு என்னவென்று விளங்காது, விளங்காத பொருள் சந்தேகத்தைத்தான் கிளப்பும். யாராவது வந்து கேட்டால் ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்து, "நீங்களே கேட்டுப் பாருங்க" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அதோடு முடியும். நிறுத்தச் சொன்னால் வாதாடாமல் நிறுத்துங்கள்.

போர்க்காலத்தைப் பார்த்தவர்களுக்குத் தங்கள் பேச்சை ஒருவர் பதிவு செய்கிறார் என்பது லேசான விஷயமாக இராது. ஆகவே மறைத்து வைத்துப் பதிவு செய்வது கூடவே கூடாது. சந்தையில் பொதுவான இரைச்சலை எடுக்கலாம். ஆனால் இருவர் பேசுவது தெளிவாக விழுந்துவிட்டால் அந்தத் துண்டை வெளியில் விடாதீர்கள். கரைவலையில் வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை.

"என்ன தம்பி, வீடியோவா?"

"இல்ல அண்ணா, சத்தம் மட்டும்தான்."

"சத்தத்த வச்சு என்ன செய்யப் போற?"

இந்தக் கேள்வி எல்லா இடத்திலும் வரும். விளக்கத்தை விட, கொஞ்சம் பதிவு செய்து அங்கேயே போட்டுக் காட்டுவது நல்ல பதில். தன் குரலையும் கடலையும் ஹெட்போனில் கேட்டவர் அடுத்த முறை நல்ல இடத்தைத் தானே காட்டித் தருவார். கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எதுவானாலும் உள்ளே எடுக்க நிர்வாகத்திடம் கேளுங்கள். வெளியில் வீதியில் நின்று கேட்பதில் பெரும்பாலும் பிரச்சினை வராது. பிள்ளைகள் விளையாடும் இடத்தில் பெற்றோரைக் கேட்காமல் எடுக்கக்கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகு

அன்றிரவே கோப்புகளை இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள். கோப்பின் பெயரில் முதலில் ஆண்டு, மாதம், நாள், பிறகு இடம், பிறகு பொருள் என்று எழுதினால் வரிசையாக நிற்கும். உதாரணமாக 2025-03-14-நிலாவெளி-கரைவலை. அதே பெயரில் கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்கி, எந்தக் கருவி, எவ்வளவு தூரம், என்ன காற்று, யாரிடம் அனுமதி கேட்டீர்கள் என்று குறியுங்கள். இது இல்லாமல் ஐந்து ஆண்டு கழித்து அந்தக் கோப்பு வெறும் அலைச் சத்தம்தான்.

திருத்துவதற்கு ஓடாசிற்றி என்ற இலவச மென்பொருள் போதும். தொடக்கமும் முடிவும் வெட்டி, இரண்டு பக்கமும் மெல்ல ஏறி இறங்கும்படி செய்து, சத்த அளவைத் தேவைக்கு உயர்த்தினால் வேலை முடிந்தது. இரைச்சல் நீக்கியை ஆசைக்கு அழுத்த வேண்டாம். அது அலையின் பாதியையும் சேர்த்துக் கழுவிக்கொண்டு போய்விடும். எப்போதும் பிரதியில் வேலை செய்யுங்கள், மூலம் தொடாமல் இருக்கட்டும்.

மற்றவர்கள் கேட்கக் கொடுப்பதாக இருந்தால் வழிகள் இருக்கின்றன. உலக வரைபடத்தில் இடம் குறித்துச் சத்தத்தை ஏற்றும் ரேடியோ அபோரீ, எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஃப்ரீசவுண்ட், பறவைக் குரல்களுக்கென்றே உள்ள ஸீனோ கான்டோ. பறவை எது என்று தெரியாவிட்டாலும் மூன்றாவதில் ஏற்றலாம், தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். ஏற்றும் முன் என்ன உரிமத்தில் கொடுக்கிறீர்கள் என்று வாசித்துத் தெரிவு செய்யுங்கள். ஒரு முறை கொடுத்த உரிமையைத் திரும்ப வாங்குவது கடினம். வீடுகளுக்குள் எடுத்தவற்றுக்குச் சரியான இடத்தைக் குறிக்காமல் ஊர்ப் பெயரோடு நிறுத்துங்கள்.

முதல் மாதத்தில் தொடங்க ஒரே ஒரு வேலை தருகிறேன். உங்கள் வீட்டில் இருந்து நடந்து போகும் தூரத்தில் ஓர் இடத்தைத் தெரிவு செய்யுங்கள். ஒழுங்கை முனையாக இருக்கலாம், குளக்கட்டாக இருக்கலாம், கரையில் ஒரு கல்லாக இருக்கலாம். ஒவ்வொரு வாரமும் ஒரு விடியற்காலையில் அதே இடத்தில், கருவியை அதே உயரத்தில், அதே திசைக்கு வைத்துப் பத்து நிமிடம் எடுங்கள். கச்சானில் தொடங்கினால் வாடை வரும் வரை விடாமல் செய்யுங்கள். இடத்தை மறக்காமல் இருக்க மதிலில் சோக்கால் ஒரு கோடு போட்டுக்கொள்ளலாம், ஆனால் மாரி மழை அதை அழித்துவிடும். ஓர் ஆணி அடித்துவிடுவது நல்லது, மதில்காரரிடம் கேட்டுவிட்டு.